மூன்று மாதத் தவணை

காடும் குடியும்: வரலாற்றுத் தொடர், அத்தியாயம் 6

மலையாளக் கரையின் தேக்கு மரங்களைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளக் கும்பினி சர்க்கார் 1806-ஆம் ஆண்டில் கேப்டன் வாட்ஸன் என்பவரை வனக் காவலராக நியமித்ததையும், அவர் செலுத்திய ஏகபோக அதிகாரத்தைப் பொறுக்கமாட்டாமல் மர வியாபாரிகளும் குடிகளும் முறையிட்டதையும், முடிவில் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அதற்குப் பின்வந்த முப்பதாண்டுக் காலத்தைக் கேட்பாரற்றுக் காடுகள் கிடந்த காலம் என்று சொல்லிப் போவது பிற்கால வன இலாகாவினரின் வழக்கம். கேட்பார் இருக்கத்தான் செய்தார்கள். அவர்கள் இலாகாவைச் சேர்ந்தவர்களல்லர், அவ்வளவே.

அந்த நாளில் மலையடிவாரத்துக் குடியானவனுக்குக் காடு எந்தப் பொருளில் வழங்கிற்று என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல், பின்னால் வந்த சட்டத்தின் கனத்தை நாம் உணர முடியாது. காடு என்றதும் நம் காலத்தவர்க்கு யானையும் புலியும் நினைவுக்கு வருகின்றன. அவனுக்கோ தழை நினைவுக்கு வந்தது. நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டி உழுத வயலில், புங்கந் தழையும் வேப்பந் தழையும் ஆவாரையும் கொழிஞ்சியுமாகக் கட்டுக் கட்டாய்க் கொண்டுவந்து பரப்பி, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று குதிகாலால் அழுந்த மிதித்து, அது அழுகி, நாற்றமெடுத்து, சேறு கறுத்த பிறகுதான் நாற்றுமுடி வயலில் இறங்கும். ரசாயன உரத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாத அந்தக் காலத்தில் காட்டுத் தழைதான் நெல்லாக விளைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. ஏர்க்காலும் மேழியும் நுகத்தடியும், வண்டிக்கு அச்சும் ஆரக்காலும், வீட்டுக்கு விட்டமும் கைமரமும், கூடைக்கு மூங்கிலும், அடுப்புக்கு விறகும், வைத்தியனுக்கு வேரும், பஞ்சத்தில் வள்ளிக்கிழங்கும் அங்கிருந்துதான் வந்தன. அறுவடை முடிந்து ஊர்ப் புல் காய்ந்த மாதங்களில் மாடுகளை மலைக்கு ஓட்டிப் பட்டி போட்டு, மழை இறங்கியதும் திருப்பி ஓட்டி வருவார்கள். எந்தச் சரிவு எந்த ஊரின் மேய்ச்சல், எந்தச் சுனையில் எவருடைய மந்தை முதலில் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் பேசி வைத்துக்கொண்ட முறை. எந்தக் கணக்கிலும் ஏறாத அந்த முறை கிழவர்களின் ஞாபகத்தில் இருந்தது.

ஏட்டில் அறவே ஏறாத விஷயம் என்றும் சொல்லிவிடக் கூடாது. சோழர் காலத்துச் செப்பேடுகளில் ஒரு கிராமத்தைத் தானமாக வழங்கும்போது அதன் எல்லைக்குள் அடங்கியவற்றை எண்ணிச் சொல்லும் நீண்ட வாசகம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதிலே கன்று மேய்பாழ் என்று ஒன்றுண்டு. மீன்பயில் பள்ளம் என்றும் தேன்பயில் பொதும்பு என்றும் உண்டு. உடும்பு ஓடுவதும் ஆமை தவழ்வதுமான நிலம் எதுவாயினும் அதுவும் சேர்த்து என்று அந்த வாசகம் விரிந்து செல்லும். தானம் பெற்றவரின் பாத்தியதையைச் சொல்ல எழுந்தவை இவை. ஆகையால் இவற்றைக் கொண்டு அக்காலத்தில் காடும் நீரும் யாவர்க்கும் பொதுவாயிருந்தன என்று நிறுவ முயல்வது நேர்மையாகாது. ஆனாலும் கன்று மேயும் பாழ்நிலத்தையும் மீன் துள்ளும் பள்ளத்தையும் ஒரு ஊரின் அங்கங்களாக எண்ணிப் பெயரிட்ட மனம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அதே நிலத்தை வெறும் தரிசு என்றும், தரிசெல்லாம் சர்க்காருடையது என்றும் கொண்ட மனம் பின்னால் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் இந்த அத்தியாயம் அளக்க முயல்கிறது.

பின்னால் வந்த மனத்துக்கு வழிகோலியது இருப்புப்பாதை. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயில் ஓடியது. ஒரு மைல் நீளப் பாதைக்கு ஏறக்குறைய 2,000 கட்டைகள் வேண்டும். நம் வெயிலிலும் கறையானிலும் அந்தக் கட்டைகள் சில ஆண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை. அதனோடு எஞ்சின்களும் விறகைத்தான் எரித்தன. ஒப்பந்தக்காரர்களின் கோடரி சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் இறங்கிற்று. முற்றிய மரமென்றும் கன்றென்றும் பாராமல் வெட்டிச் சாய்த்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் லார்டு ஹாரிஸ் கவர்னராக இருந்தபோது சென்னை ராஜதானிக்கு வனக் காவலராக நியமிக்கப்பெற்றவர் ஹியூ கிளெக்ஹார்ன் என்னும் வைத்தியர். சென்னையிலேயே பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தாவர சாஸ்திரத்தில் தேர்ந்தவர். காடழிந்தால் ஓடை வற்றும், மண் கரையும் என்பதை மனமார நம்பியவர். மலைகள் மொட்டையாவதைக் கண்டு அவர் கொண்ட துயரம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ரயிலுக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டுமென்று வந்த கோடரியை ஒழுங்குபடுத்துவதோடு இலாகா நிற்கவில்லை. தினை விதைக்கப் புனம் சுட்ட மலைவாசியின் கையையும் அது பிடித்தது. 1860-இல் அந்தச் சாகுபடிக்கு ராஜதானியில் தடை பிறந்தது. ஆயிரம் கட்டைக்கு மரம் விழுத்தியவனும் ஒரு காணிப் புனத்துக்குத் தீயிட்டவனும் காட்டை அழித்தவர் என்ற ஒரே பெயரில் அடங்கினார்கள்.

1864-இல் இந்தியா முழுமைக்கும் வனத் துறையின் தலைமை அதிகாரியாக டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் அமர்ந்தார். மறு ஆண்டே முதல் வனச் சட்டம் பிறந்தது. சென்னை அதை ஏற்கவில்லை. இதே பொருளில் ராஜதானிக்கெனத் தனிச் சட்டம் ஒன்று செய்துகொள்ளும்படி மேலிடம் நெருக்கியபோது, அபிப்பிராயம் கேட்டு அந்த மசோதா ரெவின்யூ போர்டுக்கு வந்தது. 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர்டு தந்த பதிலைப் படிக்கும் எவரும் அது வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியதுதானா என்று ஒரு கணம் தயங்குவார்கள்.

அந்தப் பதிலின் சாரம் இது. இந்த ராஜதானியில் ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு அநேகமாக இல்லை. தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றின் மீது பெற்றுவந்த ராஜபாகத்தைத் தவிர, காடு எனக்கே சொந்தம் என்று சர்க்கார் எந்தக் காட்டின் மீதும் அண்மைக்காலம் வரை உரிமை கொண்டாடியதில்லை. எல்லாக் காடுகளின் மீதும், ஒன்றுகூட விலக்கின்றி, குலங்களுக்கும் ஊர்களுக்கும் அநாதி காலமாகப் பொது உரிமைகள் இருந்து வருகின்றன. அவற்றை வரையறுத்துச் சொல்வது கடினம். ஆனால் நாட்டுப்புறத்து ஜனங்கள் அவையின்றி வாழ இயலாது. தொழிற்கருவிகள் மீது விதித்த வரியும், மேய்ச்சலுக்கென வாங்கிய புல்வரியும் தவிர வேறு தடை எதுவும், வன இலாகா தோன்றும் வரை, ஜனங்களின் மீது சுமத்தப்பட்டதில்லை.

போர்டின் மெம்பர்கள் கவிகளல்லர். நிலவரி வசூலிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். தழை இல்லாவிட்டால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் கிஸ்தி இல்லை என்பதை ஜமாபந்திக்கு ஜமாபந்தி கண்கூடாகக் கண்டவர்கள். அவர்கள் பேச்சில் சர்க்காரின் ஆதாயமும் கலந்திருந்தது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் வரையறுப்பது கடினம், வாழ்வதற்கோ அவசியம் என்று ஒரே மூச்சில் அவர்கள் இணைத்துச் சொன்ன அந்த ஒரு கருத்துக்காக நான் அவர்களை வணங்குகிறேன். அடுத்த பத்தாண்டுகளின் விவாதம் முழுவதும் அந்த ஒரு கருத்தைச் சுற்றியே சுழன்றது. வரையறுக்க முடியாதது எப்படி உரிமையாகும் என்று கேட்டது மறுபக்கம்.

மறுபக்கத்தின் குரலாக நின்றவர் பஞ்சாபில் வனத் துறைப் பதவி வகித்த பேடன் ஹென்றி பேடன்-பவல். சாரணர் இயக்கத்தைக் கண்டவருக்குத் தந்தை ஒன்று, தாய் வேறான தமையனார், நிலவுடைமை முறைகளைப் பற்றிப் பெரும் நூல்கள் எழுதிய பண்டிதர். 1874-ஐ ஒட்டி அலகாபாத்தில் நடந்த வன மகாநாட்டிலும் அதன் பின்னரும் அவர் வற்புறுத்திய வாதம் கேட்பதற்கு எளியது. கீழ்நாட்டு மன்னர்கள் தரிசு நிலம் அனைத்துக்கும் உடையவர்கள். மன்னரின் வாரிசு ஆங்கில சர்க்கார். மன்னன் கேளாமல் விட்டதனால் குடிகள் அனுபவித்து வந்தது அவனுடைய தயவேயன்றி அவர்களுடைய பாத்தியதை அன்று. எழுத்தில் நிலைபெற்றதும் சர்க்கார் ஒப்புக்கொண்டதுமே உரிமை, மற்றதெல்லாம் சலுகை. உரிமையைப் பறித்தால் ஈடு கொடுக்க வேண்டும். சலுகையை நிறுத்துவதற்கு ஒரு உத்தரவு போதும். எத்தனையோ லட்சம் அடுப்புகளும் மந்தைகளும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டன.

பிராண்டிஸ் இந்த அளவுக்குப் போக ஒப்பவில்லை. மதிப்புள்ள காடுகளைச் சர்க்கார் முழு அதிகாரத்தோடு காக்கட்டும், ஆனால் அடுத்தடுத்த கிராமங்களுக்கு அவற்றின் தேவைக்கேற்பத் தனிக் காடுகளை ஒதுக்கி அவர்கள் பொறுப்பிலேயே விடவேண்டும் என்பது அவர் எண்ணம். ஐரோப்பாவில் ஊர்ச் சபைகள் தங்கள் காட்டைத் தாங்களே பேணுவதைக் கண்டறிந்தவர் அவர். 1878-இல் நிறைவேறிய இந்திய வனச் சட்டத்தில் கிராமக் காடு என்றொரு அத்தியாயம் இடம் பெற்றது. ஆனால் சட்டத்தின் உயிர்நாடி பேடன்-பவலின் பக்கம் போயிற்று. புனாவின் சார்வஜனிக் சபை அதைக் கண்டித்து எழுதியது. சென்னை அப்போதும் அதற்கு வெளியேதான் நின்றது.

எனினும் அந்த எதிர்ப்பை உள்ளிருந்து அரித்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை ராஜதானியைச் சுடுகாடாக்கிய அந்தப் பஞ்சத்தைப் பற்றி விசாரித்த கமிஷன், காடுகளைக் காப்பதும் பஞ்சத்துக்கு எதிரான காப்புகளில் ஒன்று என்று 1880-இல் சொல்லிற்று. மலை மொட்டையானால் மழை குறையும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வலுவாக வேரூன்றியிருந்தது. பஞ்சத்தில் கிழங்கு தோண்டி உயிர் பிழைத்தவனுக்கு அந்தக் காட்டை மூடுவதற்கு அந்தப் பஞ்சமே காரணமாகக் காட்டப்பட்டதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. பிராண்டிஸ் தாமே 1881-இல் சென்னைக்கு வந்து ஜில்லா ஜில்லாவாகச் சுற்றிப் பார்த்தார். கிராண்ட் டஃப் கவர்னராக இருந்த காலம் அது. கடற்காற்று வாங்குவதற்கு மெரினா நடைபாதையைப் பட்டணத்து ஜனங்களுக்கு அமைத்துக் கொடுத்த அதே கவர்னர். 1882-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம், சென்னை வனச் சட்டம், நிறைவேறிற்று.

அந்தச் சட்டம் வேலை செய்த விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு காட்டை ரிசர்வு செய்ய சர்க்கார் விரும்பினால் முதலில் கெஜட்டில் ஒரு அறிவிப்பு வெளிவரும். பிறகு செட்டில்மெண்டு அதிகாரி ஒருவரை நியமிப்பார்கள்; அவர் வன இலாகாவைச் சேராதவராக இருப்பதே சாமானிய விதி, அந்த அளவுக்கு நியாயம் பார்த்திருந்தார்கள். அவர் அந்தக் காட்டின் எல்லைகளை விவரித்து, சுற்றுப்பட்ட ஊர்களில் ஒரு பிரகடனம் செய்வார்: இதற்குள் எவருக்கேனும் நிலத்திலோ, வழியிலோ, மேய்ச்சலிலோ, விளைபொருளிலோ, நீரோட்டத்திலோ உரிமை உண்டென்றால், எழுதியேனும் நேரில் வந்து வாய்மொழியாகவேனும் தெரிவிக்க வேண்டியது, அதற்குத் தவணை மூன்று மாதத்துக்குக் குறையாது. தக்க காரணமின்றித் தவணைக்குள் தெரிவிக்கப்படாத உரிமை, இறுதி அறிவிப்பு வெளிவந்ததும் மாய்ந்துபோகும்.

எழுத்தளவில் இதில் குறை காண்பது கடினம். ஆனால் ஒரு சாவடியின் முன்னால் தலையாரி தமுக்கு அடிக்க, கர்ணம் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? மாடுகளோடு மலைப்பட்டிக்குப் போயிருப்பவன் அங்கே இல்லை. புனத்தில் காவல் இருக்கும் மலைவாசி அங்கே இல்லை. விறகுக்குப் போன பெண்கள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். நின்று கேட்பவனுக்கோ உரிமை என்ற சொல்லே தன்னைக் குறிப்பதாகத் தோன்றாது. என் பாட்டன் போன பாதையில் நான் போகிறேன், இதற்கு யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றும். காற்றை உரிமை கொண்டாடி மனுப்போடுவார் உண்டா? அப்படியே ஒருவன் துணிந்து போய்ச் சொன்னாலும், எத்தனை மாடு, எந்த எல்லைக்குள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று கேட்கும் அதிகாரிக்கு அவனால் என்ன விடை தர இயலும்? மழை பெய்த வருஷத்துக்கு ஒரு கணக்கு, பெய்யாத வருஷத்துக்கு ஒரு கணக்கு என்பதுதானே அவன் அறிந்த முறை! வரையறுப்பது கடினம் என்று போர்டு பதினொரு ஆண்டுகளுக்கு முன் சொன்னது இதைத்தான். பட்டாவோடு வந்து நின்றவனின் கோரிக்கை விசாரிக்கப்பட்டது; ஊரார் அனைவருக்கும் பொதுவாயிருந்த அனுபோகத்துக்காக வந்து நிற்க வேண்டியவன் யார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலான இடங்களில் அது சலுகை என்ற பெயரோடு, இலாகா இஷ்டப்படும் வரைக்கும் நீடிக்கும் நிலையில், காப்புக்காட்டுக்குள் போயிற்று.

அதன் பிறகு எல்லைக்கல் வந்தது. காட்டின் ஓரத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகக் கற்களைக் குவித்து எண் போட்டார்கள். அந்தக் குவியலைத் தாண்டி மாடு மேய்ந்தால் குற்றம்; மரத்தை வெட்டினால், தீ மூட்டினால், கல்லை உடைத்தால், சுண்ணாம்போ கரியோ சுட்டால், வேட்டையாடினால், ஓடையில் மீன் பிடித்தால் குற்றம். தலைக்கு இத்தனை அணா கட்டிச் சீட்டு வாங்கினால் மாட்டை விடலாம். ஆட்டுக்கோ பல காடுகள் முற்றிலும் அடைபட்டன. எல்லை தாண்டிய மாட்டைக் காவற்காரன் கொண்டித் தொழுவத்தில் அடைப்பான். மீட்கப் போகிறவன் அபராதத்தோடு தீனிச் செலவும் கட்டவேண்டும். மாடு எழுத்தறியாது, கற்குவியலுக்கு அப்பால் புல் பசுமையாயிருந்தால் அது போகத்தான் செய்யும். சொற்பச் சம்பளக்காரனான அந்தக் காவற்காரன்தான் கிராமத்தான் அன்றாடம் கண்ட சர்க்கார். எந்த மாட்டைக் காண்பது, எதைக் காணாமலிருப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவன் கையில் இருந்ததால், கோழியும் நெய்யும் அவன் வீட்டுக்குப் போவது ஊர்வழக்கமாயிற்று.

குறைகள் பெருகிக்கொண்டே போயின. 1913-இல் ஒரு வனக் கமிட்டி ஜில்லாக்களைச் சுற்றிச் சாட்சியம் கேட்டது. அதன் பயனாக, இலாகாவுக்கு அதிகம் உபயோகப்படாத சில காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பிராண்டிஸ் சொன்னதில் ஒரு சிறு பங்கு முப்பதாண்டு தாமதித்து வந்து சேர்ந்தது. மிகுதியான இடங்களுக்கு அது போதவில்லை. 1921-இல் குண்டூர் ஜில்லாவின் பல்நாட்டில் மழை பொய்த்த வேளையில் புல்வரி கேட்டபோது, கிராமத்தார் கட்ட மறுத்து மாடுகளைக் காப்புக்காட்டுக்குள் ஓட்டினார்கள். அதிகாரிகளுக்கு ஊரில் தண்ணீரும் கிடைக்காதபடி விலக்கி வைத்தார்கள். 1922 பிப்ரவரியில் போலீஸ் சுட்டதில் கன்னெகண்டி ஹனுமந்து மாண்டார். அந்தக் கதையை அடுத்த அத்தியாயத்தில் விரிவாக எழுத எண்ணியிருக்கிறேன்.

நான் ஒருபக்கமாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கற்குவியல்கள் இல்லாவிட்டால், ஒப்பந்தக்காரனின் கோடரியும் தோட்டக்காரனின் காப்பிச் செடியும் மேற்கு மலைச் சரிவுகளில் எதை மிச்சம் வைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கும் அச்சமாகவே இருக்கிறது. தாமிரபரணிக்கும் வைகைக்கும் இன்று தண்ணீர் சுரக்கிற சோலைகள் சட்டத்தின் வேலிக்குள் இருந்ததனால் பிழைத்தவை. ஆனால் காட்டைக் காப்பதற்குக் குடியை வெளியே தள்ளித்தான் ஆகவேண்டும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மையன்று. 1871-இல் போர்டும், தம் வழியில் பிராண்டிஸும், வேறு வழி உண்டென்றே எழுதி வைத்தார்கள்.

1882-ஆம் வருஷத்துச் சட்டம் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரோடு இன்றும் அமலில் இருக்கிறது. காட்டுவாசிகளுக்கு இழைக்கப்பட்டது சரித்திர அநீதி என்று பாராளுமன்றமே தன் வாயால் ஒப்புக்கொண்ட வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. ஆனால் பழங்குடியினர் அல்லாத மற்ற வனவாசிகள் அதன் கீழ் உரிமை கோரவேண்டுமானால், 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். முதற்சட்டம் சொல்வதற்குக் கொடுத்த தவணை மூன்று மாதம். இந்தச் சட்டம் நிரூபிக்கக் கேட்கும் காலம் முக்கால் நூற்றாண்டு.

மேற்கு மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாடு வளர்க்கும் முதியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், தம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி எனக்குக் காட்டினார். அதற்குள் துணியில் சுற்றி வைத்திருந்தவை, அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் காப்புக்காட்டில் மாடு மேய்ப்பதற்குப் பணம் கட்டி வாங்கிய சீட்டுகள். பழுப்பேறி, மடிப்புகளில் கிழிந்து, மை மங்கிப்போன காகிதங்கள். "ஒண்ணையும் எறியப்படாதுன்னு எங்கய்யா சொல்லிட்டுப் போனாரு, இப்போ இதைத்தான் ஆதாரமாக் கேக்குறாங்கய்யா" என்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, வருஷ வரிசையில், பாயின் மேல் அடுக்கத் தொடங்கினார்.